தலைவர்கள் சம்மதித்தார்கள், விமானிகள் மறுத்தார்கள்

2022 நவம்பரில் அமெரிக்காவின் யுனைட்டட் எயார்லைன்ஸ் விமானிகள் தங்கள் முன் வைக்கப்பட்ட ஒப்பந்தம் ஒன்றை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். வாக்களித்தவர்களில் 94 சதவீதமானோர் வேண்டாம் என்றார்கள். அது நிர்வாகம் தன்னிச்சையாகத் திணித்த ஒப்பந்தமல்ல. விமானிகளின் சொந்தத் தொழிற்சங்கத் தலைவர்களே பேசி உடன்பட்டது. 18 மாதங்களில் 14.5 சதவீதத்துக்கும் கூடிய சம்பள உயர்வும் அதில் இருந்தது. பத்து மாதங்கள் கழித்து, 2023 செப்டெம்பரில், அதே விமானிகள் வேறோர் ஒப்பந்தத்தை 82 சதவீத வாக்குகளால் ஏற்றுக்கொண்டார்கள். இம்முறை உயர்வு நான்கு வருடங்களில் 40 சதவீதம் வரை.

செய்திகளில் பெரிதாக வந்தது அந்த 40 சதவீதம். எனக்கு முக்கியமாகப் படுவது முதலில் சொன்ன 'வேண்டாம்'. ஒற்றுமை என்ற சொல்லை எங்களுக்குப் பெரும்பாலும் 'கேள்வி கேட்காதே' என்ற அர்த்தத்திலேயே பழக்கியிருக்கிறார்கள். தங்கள் தலைவர்களின் கையெழுத்தையே நிராகரித்த ஒரு கூட்டம், அதனால் உடைந்துபோகாமல் பலத்துடன் மேசைக்குத் திரும்பியது எப்படி?

கூட்டு ஒப்பந்தம் என்றதும் எங்கள் வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது மலையகத் தோட்டங்கள்தான். இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை முதலாளிமார் சம்மேளனமும் சில தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டு வந்தார்கள். கொழுந்து பறிப்பவர் முடிவைச் செய்தியில்தான் அறிந்துவந்தார். 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தபோது, கம்பனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்தே விலகிக்கொண்டன. அமெரிக்க விமானிகளின் முறை இரண்டு விதத்தில் வேறானது. ஒரு விமான நிறுவனத்தின் விமானிகள் எல்லோருக்காகவும் பேசும் உரிமை, அவர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த ஒரே சங்கத்துக்குத்தான் உண்டு. அந்தச் சங்கம் கொண்டுவரும் உடன்பாடும் பெரும்பாலும் உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்குப் போகும்.

சட்டம் அவர்களுக்குச் சாதகமானது என்று நினைத்துவிடக் கூடாது. 1926இல் ரயில்வேக்காக எழுதப்பட்ட தொழிலாளர் சட்டம் 1936இல் விமான நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்படி ஒப்பந்தம் காலாவதியாவதில்லை. திகதி வந்ததும் 'திருத்தத்துக்குரியது' ஆகும், அவ்வளவுதான். புதியது வரும்வரை பழைய சம்பளமும் பழைய விதிகளும் தொடரும். நினைத்த நாளில் வேலைநிறுத்தம் செய்யவும் முடியாது. தேசிய மத்தியஸ்த சபை இனிப் பேசிப் பயனில்லை என்று விடுவிக்க வேண்டும். அதன் பிறகு 30 நாள் பொறுக்க வேண்டும். அதன் பிறகும் ஜனாதிபதி தலையிடலாம். 1997 பெப்ரவரியில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஜனாதிபதி கிளின்டன் அதை நிறுத்தினார். இழுத்தடிப்பது நிர்வாகத்துக்கு இலாபம். ஆகவே சங்கத்தின் பலம் வேலைநிறுத்தத்தில் இருப்பதைவிட, வேண்டுமானால் எல்லோரும் இறங்குவார்கள் என்று எதிர்த்தரப்பு நம்புவதில்தான் இருக்கிறது. 2022 ஒக்டோபரில் டெல்டா விமானிகளில் வாக்களித்தோரில் 99 சதவீதமானோர் வேலைநிறுத்தத்துக்கு அதிகாரம் கொடுத்தார்கள். வேலைநிறுத்தம் நடக்கவேயில்லை.

விமானிகளை ஒன்றாகக் கட்டுவதும் பிரிப்பதும் ஒரே விடயம்: சேவை மூப்பு. எந்த விமானம், எந்த வழித்தடம், எந்த மாதம் விடுமுறை, தலைமை விமானியா துணை விமானியா என்பதெல்லாம் சேர்ந்த திகதியின் வரிசைப்படியே தீர்மானமாகும். வேறு நிறுவனத்துக்குப் போனால், இருபது வருட அனுபவம் இருந்தாலும் பட்டியலின் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். விலகிப் போவது பெரிய இழப்பு என்பதால், இருக்கும் இடத்தைத் திருத்துவதே வழியாகிறது. ஆனால் அதே பட்டியல் மேலே இருப்பவரின் தேவையையும் கீழே இருப்பவரின் தேவையையும் வேறாக்கிவிடுகிறது. ஓய்வை நெருங்குபவருக்கு ஓய்வூதியம் பெரிது. புதியவருக்குத் தொடக்கச் சம்பளமும், அழைப்புக்காகக் காத்திருக்கும் நாட்களின் விதியும் பெரிது. நிர்வாகம் ஆப்பு வைக்கத் தேடும் இடைவெளி இதுதான்.

அந்த ஆப்பு 1980களில் இறங்கியது. 1983இல் அமெரிக்கன் எயார்லைன்ஸில் இரட்டைச் சம்பள முறை வந்தது. ஏற்கெனவே இருப்பவர்களின் சம்பளம் குறையாது. இனிமேல் சேருபவர்களுக்கு அதே வேலைக்கு மிகக் குறைந்த சம்பளம். கேட்டவுடன் சம்மதிக்கத் தோன்றும் பேரம் இது. இழப்பவர் இன்னும் வேலைக்கே வரவில்லை, அவருக்கு வாக்கும் இல்லை. யுனைட்டட் நிர்வாகமும் அதைக் கேட்டது. 1985 மே 17ஆம் திகதி, சுமார் 5,000 விமானிகளில் மிகப் பெரும்பான்மையானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தங்களுக்கு அல்ல, தங்களுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்குக் குறைக்கப்படும் சம்பளத்துக்காக.

நிர்வாகத்திடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. பயிற்சி முடித்து வேலைக்கு எடுக்கப்படக் காத்திருந்த 500க்கும் மேற்பட்ட புதியவர்கள். வேலைநிறுத்த நாளில் இவர்களை விமானமறைக்குள் ஏற்றிவிட்டால் போராட்டம் முடிந்துவிடும் என்பது கணக்கு. கையில் வேலையோ தலைக்குமேல் சங்கப் பாதுகாப்போ இல்லாத இவர்களில் மிகச் சிலரே உள்ளே போனார்கள். மற்றவர்கள் கருங்காலியாக மறுத்து வெளியே நின்றார்கள். சம்பள விடயத்தில் உடன்பாடு நெருங்கிய பின்னரும் வேலைநிறுத்தம் தொடர்ந்ததற்கு ஒரு முக்கிய காரணம், இவர்களை இனி எடுக்க மாட்டோம் என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்ததுதான். 29 நாட்கள் சென்றன. இரட்டைச் சம்பளம் முழுதாக ஒழியவில்லை, சமரசத்தில்தான் முடிந்தது. புதியவர்களை வேலைக்கு எடுக்க மறுத்தது சட்டவிரோதம் என்று 1986இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எதிர்மறையான உதாரணமும் உண்டு, அதை மறைத்தால் இது துதிபாடலாகிவிடும். 2005இல் யூ.எஸ். எயார்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. இரண்டு சேவை மூப்புப் பட்டியல்களையும் எப்படிக் கலப்பது என்பதில் விமானிகளுக்குள் சண்டை மூண்டது. 2007இல் நடுவர் கொடுத்த தீர்ப்பில், பல வருடங்கள் வேலைசெய்து தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருந்த கிழக்குப் பகுதி விமானிகள், அண்மையில் சேர்ந்த மேற்குப் பகுதி விமானிகளுக்குக் கீழே போனார்கள். எண்ணிக்கையில் கூடிய கிழக்குத் தரப்பு தேசியச் சங்கத்தையே 2008இல் வாக்கெடுப்பில் வெளியேற்றிப் புதுச் சங்கம் அமைத்தது. வழக்குமேல் வழக்கு. ஒரே நிறுவனத்தின் ஒரே சீருடையில், இரண்டு தரப்பும் வருடக்கணக்காகப் பழைய, தனித்தனி ஒப்பந்தங்களின் கீழ்ப் பறந்தன. நிர்வாகம் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சம்பளம் வாங்குபவர்களுக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எதிர்பார்ப்பு வானத்திலிருந்து விழுவதில்லை. 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிந்திய நெருக்கடியில் டெல்டா விமானிகள் 2004இல் 32.5 சதவீதச் சம்பள வெட்டுக்கு உடன்பட்டார்கள். யுனைட்டட் விமானிகளின் பழைய ஓய்வூதியத் திட்டம் 2005இல் முடிவுக்கு வந்தது. கம்பனி பிழைக்க வேண்டும் என்று கேட்டபோது கொடுத்தவர்கள், கம்பனி கொழிக்கும்போது திருப்பிக் கேட்டார்கள். கொவிட்டுக்குப் பின் பயணிகள் திரண்டு வந்தபோது விமானிகள் போதவில்லை. சந்தையும் அவர்கள் பக்கம் சாய்ந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2023 மார்ச்சில் டெல்டா விமானிகள் நான்கு வருடங்களில் 34 சதவீத உயர்வை ஏற்றதும், மற்ற நிறுவனங்களின் பேச்சுவார்த்தை மேசைகளில் அதுவே அளவுகோலானது. அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானிகள் மே மாதத்தில் ஓர் உடன்பாட்டை எட்டியிருந்தார்கள். ஜூலையில் யுனைட்டட்டின் புதிய உடன்பாடு அதை மிஞ்சவே, அமெரிக்கன் நிர்வாகம் வாக்கெடுப்புக்கு முன்னரே தன் தொகையைக் கூட்ட வேண்டியதாயிற்று. ஒரு கம்பனியில் சொல்லப்பட்ட 'வேண்டாம்' இன்னொரு கம்பனியின் சம்பளப் பட்டியலிலும் வேலைசெய்தது.

அந்த அலை கனடாவுக்கும் போனது. 2024 செப்டெம்பரில் ரொறன்ரோ உறவினர்களின் பயணச்சீட்டுகளை எண்ணி எங்களில் பலர் கவலைப்பட்டது இதனால்தான். எயார் கனடாவின் 5,000க்கும் மேற்பட்ட விமானிகள், 2014இல் போட்ட பத்து வருட ஒப்பந்தத்துக்குப் பின், அமெரிக்க விமானிகளுடன் தங்களை ஒப்பிட்டுப் பேசினார்கள். செப்டெம்பர் 15ஆம் திகதி, விமானங்கள் நிற்கும் கட்டத்துக்குச் சற்று முன், உடன்பாடு வந்தது. ஏறத்தாழ 42 சதவீத உயர்வு. ஆனாலும் ஒக்டோபரில் அதை ஏற்றவர்கள் 67 சதவீதமானோர் மட்டுமே. மூன்றில் ஒரு பங்கினர் எதிர்த்து வாக்களித்தார்கள். விமானிகளிடையே இருந்த பெரிய மனக்குறைகளில் ஒன்று, புதிதாகச் சேருபவர்கள் முதல் நான்கு வருடங்களுக்குக் குறைந்த, நிலையான சம்பளத்தில் வைக்கப்படுவது. புதிய ஒப்பந்தம் அந்த நான்கை இரண்டாக்கியது.