பழைய ஃபோர்டு வண்டி கூறும் வரலாறு

வரலாற்றைக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் தேடுகிறோம். இயந்திரத்தின் உறுப்புகளிலும் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. பழைய மோட்டார் வண்டி ஒன்றைப் புதிதாக வாங்குகிறவர் அந்த எழுத்தைப் படித்தறிய வேண்டும். படியாவிட்டால் உயிருக்கே ஊறு நேரலாம்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 1908 முதல் 1927 வரை செய்த ‘டி’ வகை வண்டியை எடுத்துக்கொள்வோம். 1.5 கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. பட்டறைகளுக்குத் தொலைவில் வாழ்ந்த உழவரும் தாமே பழுது பார்க்கும்படி அது எளிமையாக அமைந்தது. அவ்வெளிமைதான் இன்று நாம் செய்ய வேண்டிய சோதனைகளுக்கு வழிகாட்டுகிறது.

தொடக்க கால வண்டிகள் சில நீங்கலாக, இதில் தண்ணீரைச் செலுத்தும் பம்பு இல்லை. சூடேறிய நீர் மேலே எழ, குளிர்ந்த நீர் கீழே இறங்குகிறது. எஞ்சின் குளிர்வது இச்சுழற்சியால்தான். ஆகவே ரேடியேட்டரின் குழாய்களில் உப்புப் படிந்திருந்தால் நீர் விரைவில் கொதித்துவிடும். பெட்ரோலுக்கும் பம்பு இல்லை. பெரும்பாலான வண்டிகளில் இருக்கைக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்து அது தானே வழிந்து வரும். பெட்ரோல் குறைந்த வேளையில் செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சின் நின்றுபோகும். அதனால் அக்காலத்தோர் பின்முகமாகவே மேடேறினர்! தொட்டியில் துரு உள்ளதா என்று பார்ப்பது இன்றியமையாதது. எண்ணெய் அளவைக் காட்டும் கருவியும் இல்லை. வண்டிக்கு அடியில் மேலும் கீழுமாக இரு சிறு திருகு குழாய்கள் உண்டு. கீழ்க்குழாயைத் திறந்தும் எண்ணெய் வராவிடில் வண்டியை ஓட்டலாகாது.

எல்லாவற்றினும் முதன்மையானது பிரேக்கு. கால் பிரேக்கு சக்கரத்தைப் பற்றுவதில்லை. எஞ்சினை அடுத்த பல்சக்கரப் பெட்டியினுள் ஓர் உருளையைப் பட்டையால் இறுக்குகிறது. அவ்விறுக்கம் பின் அச்சின் பற்சக்கரங்கள் வழியாகவே சக்கரங்களைச் சேர வேண்டும். அப்பற்சக்கரங்களை நிலைபெயராமல் காக்கும் வளையங்களோ, பாபிட் என்னும் மெல்லிய கலப்பு உலோகத்தால் ஆனவை. காலப்போக்கில் அவை நொறுங்கிப்போனால் பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். காலால் எவ்வளவு அழுத்தினும் வண்டி நில்லாது. எஞ்சுவது கை நெம்புகோலால் இயங்கும் சிறிய பின் பிரேக்கு மட்டுமே. ஆதலால் வண்டியைச் சாலைக்குக் கொண்டு செல்லுமுன் பின் அச்சைப் பிரித்து, வெண்கல வளையங்கள் பொருத்தப்பட்டுள்ளனவா என்று காண்பது முதற் கடமை.

எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றுமுன் தீப்பொறி நெம்புகோலைத் தாமத நிலையில் வைக்க வேண்டும். மறந்தால் கைப்பிடி எதிர்த்துச் சுழன்று கையை முறித்துவிடக்கூடும்.

இவற்றை ஃபோர்டின் பிழை என்று கூறுதல் தகாது. நூறாண்டு உழைக்க வேண்டும் என்று எவரும் அவ்வளையங்களை வார்க்கவில்லை. ஒரு பொருள் எக்காலத்துக்காக, எவருக்காக, எதனால் ஆக்கப்பட்டது என்று வினவுவதே வரலாற்று அறிவு. மாணவர்களே, அந்த அறிவு ஏட்டளவில் நில்லாமல் ஓர் உயிரையும் காக்க வல்லது என்பதற்கு இவ்வண்டியே சான்று.