தபாலில் நடந்த பாடம்

கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கல்லூரி மாணவர்களுக்குக் கற்பிப்பது என் தொழில். மதுரை என் ஊர். சென்ற ஆண்டு ஒரு நாள் வகுப்பு முடிந்தபின் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். “ஐயா, எங்கள் வீட்டில் கணிப்பொறி இல்லை. கல்லூரியில் வாரத்தில் சில மணி நேரமே கிடைக்கிறது. கணிப்பொறி இல்லாதவள் நிரல் எழுதக் கற்க முடியுமா?” என்று கேட்டாள். அக்கேள்வியில் வருத்தம் இருந்தது. சிறிது சினமும் இருந்தது. “அம்மா, உலகில் ஒரு கணிப்பொறிகூட இல்லாத காலத்தில் அதைக் கற்ற ஒரு பெண்மணி உண்டு. அவர் கதையைக் கேள்” என்றேன். அன்று அவளுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

அப்பெண்மணியின் பெயர் ஏடா லவ்லேஸ். 1815ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் லண்டனில் பிறந்தவர். ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவே அவர் தந்தை. குழந்தை பிறந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பெற்றோர் பிரிந்துவிட்டனர். 1816 ஏப்ரலில் இங்கிலாந்தை விட்டுச் சென்ற பைரன் திரும்பவே இல்லை. 1824இல் கிரேக்க நாட்டில் இறந்தார். மகளுக்குத் தந்தையின் முகமே நினைவில் இருந்திருக்க முடியாது. தாயோ கணிதத்தில் பற்றுடையவர். தந்தையின் நிலையற்ற மனப்போக்கு மகளையும் பற்றிக்கொள்ளுமோ என அஞ்சி, இளமையிலேயே அவருக்குக் கணிதம் பயிற்ற ஆசிரியர்களை அமர்த்தினார்.

1833இல், பதினேழு வயதில், ஏடா சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். பாபேஜ் தம் வீட்டில் வைத்திருந்த கணக்குப் பொறியின் ஒரு பகுதியையும் கண்டார். கைப்பிடியைச் சுழற்றினால் பற்சக்கரங்கள் திரும்பி, ஓர் அட்டவணையின் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். பாபேஜ் அதனோடு நிறைவு கொள்ளவில்லை. அப்பொறி ஒரே வகைக் கணக்கைத்தான் செய்யும். எவ்வகைக் கணக்கு கொடுத்தாலும் செய்யக்கூடிய மற்றொரு பொறியை 1834 முதல் அவர் திட்டமிடலானார். அதற்குப் பகுப்பாய்வுப் பொறி என்று பெயர்.

ஒரே பொறி பல வேலைகளை எப்படிச் செய்யும்? காஞ்சிபுரத்துத் தறிகளில் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தவர்களுக்கு விடை எளிது. துளையிட்ட அட்டைகளின் மாலை ஒன்று அப்பெட்டியின் மேல் சுழன்று வருகிறது. துளை உள்ள இடத்திற்கு ஏற்பப் பாவு நூல்கள் தூக்கப்படுகின்றன. அட்டையை மாற்றினால் அதே தறியில் அன்னமும் வரும், மயிலும் வரும். பிரான்சு நாட்டு ஜக்கார்டு உருவாக்கிய இம்முறையையே பாபேஜ் தம் பொறிக்கு எடுத்துக்கொண்டார். தறிக்கு அட்டை சொல்வது பூ வேலை; பொறிக்கு அட்டை சொல்வது கணக்கு வேலை. இன்று நிரல் என்று நாம் சொல்வதற்கு வித்து அதுதான்.

இதில் ஏடாவின் உள்ளம் ஈடுபட்டது. ஆனால் ஆசை வேறு, அறிவு வேறு அல்லவா? அதற்கு வேண்டிய உயர் கணிதம் அவரிடம் இல்லை. 1835இல் திருமணம், 1839க்குள் மூன்று குழந்தைகள். கல்லூரிக்குச் செல்லலாம் என்றால், பெண்களுக்கு அங்கே இடமில்லை. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டக் கதவைத் திறந்தது 1878இல்தான். ஆகவே தமக்கென ஓர் ஆசிரியரைத் தேடுவது தவிர வேறு வழி அவருக்கு இல்லை.

1840இல் அவ்வாசிரியர் கிடைத்தார். அவர் அகஸ்டஸ் டி மார்கன். இப்பெயரை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு; ஏனெனில் அவர் பிறந்த ஊர் எங்கள் மதுரை. அவர் தந்தை கிழக்கிந்தியக் கும்பெனிப் படையில் பணிபுரிந்தவர். 1806இல் இங்கே பிறந்த அக்குழந்தை, பிறந்த சிறிது காலத்திலேயே ஒரு கண்ணில் பார்வையை இழந்தது. ஒரு வயது நிறைவதற்குள் இங்கிலாந்து சென்றுவிட்டது. வளர்ந்து கேம்பிரிட்ஜில் பயின்ற டி மார்கன், மேற்பட்டத்திற்கு அக்காலத்தில் கட்டாயமாயிருந்த சமய உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்தார். அதனால் அங்கே அவருக்குப் பதவி இல்லை என்றாயிற்று. லண்டனில் புதிதாகத் தோன்றிய கல்லூரி 1828இல் அவரைக் கணிதப் பேராசிரியராக ஏற்றது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

நிரல் எழுதுவோர் நாள்தோறும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். “மழையும் காற்றும் இரண்டும் உண்டு” என்பது பொய்யானால், மழை இல்லை, அல்லது காற்று இல்லை, அல்லது இரண்டுமே இல்லை. சிறு குழந்தைக்கும் விளங்கும் இவ்வுண்மையை முறையாக எழுதினால் அதுவே டி மார்கன் விதி.

பாடம் பெரும்பாலும் கடிதத்தில் நடந்தது. இங்கிலாந்தில் எங்கு அனுப்பினாலும் கடிதத்திற்கு ஒரு பென்னி என்ற தபால் முறை வந்ததும் அதே 1840ஆம் ஆண்டில்தான். ஏடா ஊர்ப்புறத்து மாளிகையில் இருந்துகொண்டு டி மார்கன் எழுதிய நுண்கணித நூலைப் படிப்பார், கணக்குகளைப் போடுவார், ஐயம் எழுந்த இடத்தைக் குறித்து எழுதுவார். ஆசிரியர் விடை எழுதுவார். சில வேளைகளில் நேரிலும் சந்திப்பார்கள். இக்கடிதங்கள் இன்றும் ஆக்ஸ்போர்டில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

அவற்றில் நாம் காண்பது பிறவி மேதை ஒருவரை அன்று. உங்களையும் என்னையும் போன்ற ஒரு மாணவரை. தொடக்கத்தில் இயற்கணிதத்தின் சாதாரண மாற்றங்களிலேயே அவர் இடறுகிறார். சார்புகளைப் பற்றிய சமன்பாடுகள் கையில் பிடிபடாமல் நழுவுகின்றன என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒன்று கவனியுங்கள். “எனக்கு ஒன்றும் புரியவில்லை” என்று அவர் எழுதிவிடுவதில்லை. இந்தப் பக்கத்தில், இந்த வரி வரை வந்தேன். இதற்கு அடுத்த வரி எப்படி வந்தது என்று தெரியவில்லை என்று எழுதுகிறார். ஆசிரியரும் அந்த வரிக்கே விடை சொல்கிறார். ஓராண்டு கழிந்தபின் கேள்விகளின் தன்மையே மாறிவிடுகிறது. விதியை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டவர், அவ்விதி ஏன் உண்மையாக இருக்கவேண்டும் என்று கேட்கத் தொடங்குகிறார்.

நம் நன்னூல் பாயிரத்தில் ஆசிரியர் இயல்பும் மாணவர் இயல்பும் கூறப்பட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் போன்றவர் தலை மாணவர் என்பார்கள். தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துக் காணும் இப்பழக்கத்தையே நான் அன்னத்தின் குணம் என்பேன். நிரல் எழுதுவோர்க்கு இதைவிட இன்றியமையாத பயிற்சி வேறில்லை. இயந்திரம் குறிப்பறிந்து நடக்காது. ஒரு படியை விட்டுவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

கற்றதற்குப் பயன் விரைவில் வந்தது. பாபேஜ் 1840இல் இத்தாலியின் டூரின் நகரில் தம் பொறியைப் பற்றி விளக்கினார். அதைக் கேட்ட மெனபிரியா என்ற பொறியியலார் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரை 1842இல் வெளிவந்தது. ஏடா அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பாபேஜின் தூண்டுதலால் ஏழு குறிப்புகளையும் சேர்த்தார். 1843இல் அவை அச்சேறியபோது, குறிப்புகள் மூலக் கட்டுரையைவிடப் பன்மடங்கு நீண்டிருந்தன.

ஏழாம் குறிப்பில் ஓர் அட்டவணை உண்டு. பெர்னோலி எண்கள் என்னும் வரிசையை அப்பொறி எவ்வாறு கணக்கிடும் என்பதை 25 படிகளில் அது காட்டுகிறது. எந்த எண் எந்த இடத்தில் இருக்கவேண்டும், எதை எதனால் வகுக்கவேண்டும், விடையை எங்கே வைக்கவேண்டும், எந்தப் படிகளைத் திரும்பச் செய்யவேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. அதைச் செய்து பார்க்கப் பொறி இல்லை. பொறி அவர்கள் மனத்திலும் வரைபடங்களிலுமே இருந்தது. இவ்வட்டவணையை உலகின் முதல் நிரல் என்று பலர் போற்றுகின்றனர். பாபேஜும் அதற்கு முன்பே சிறு நிரல்களை எழுதி வைத்திருந்தார். ஆகவே முதன்மை யாருக்கு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அச்சில் வந்து உலகம் படித்தது இதுவே.

இவ்வெண்களுக்கான இயற்கணித வேலையைத் தாமே செய்து கொடுத்ததாகவும், அதில் தாம் செய்த பெரும்பிழை ஒன்றை ஏடா கண்டு திருப்பி அனுப்பியதாகவும் பாபேஜ் பின்னாளில் தம் நினைவு நூலில் எழுதினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் எளிய கணக்கில் இடறியவர், பெரிய கணித அறிஞரின் பிழையைக் கண்டார்! அச்சான அட்டவணையின் நான்காம் படியிலும் ஒரு பிழை உண்டு. வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறியுள்ளன. பிழை நேர்ந்ததென்று மனம் உடையும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்க.

இக்கதையில் என் மனத்தை உறுத்தும் ஒரு செய்தி உண்டு. 1844இல் டி மார்கன் ஏடாவின் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜுக்குச் செல்லவிருக்கும் ஓர் இளைஞனிடம் இத்தகைய ஆற்றலைக் கண்டிருந்தால், அவன் முதல்தரமான கணித ஆராய்ச்சியாளனாகக்கூடும் என்று முன்பே சொல்லியிருப்பேன் என்பது அதன் கருத்து. ஆனால் இதை ஏடாவிடம் அவர் ஒருநாளும் சொல்லவில்லையாம். சொன்னால் அவர் இன்னும் மிகுதியாக உழைப்பார். பெண்ணின் உடல்வலிமை அதைத் தாங்காது என்று அஞ்சினாராம். மதத்தின் பேரால் தம்முன் ஒரு கதவு மூடப்பட்டதைக் கண்டவர், பெண் என்ற காரணத்தால் தாமே ஒரு கதவைச் சாத்தி வைத்தார். அவர் நல்லவர், நல்ல ஆசிரியர். அதனால்தான் இது உறுத்துகிறது. எல்லாவற்றையும் வாரி வழங்கியவர், ஒரு வாக்கியத்தை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்.

ஏடா 1852 நவம்பர் 27ஆம் நாள் புற்றுநோயால் இறந்தார். தந்தையைப் போலவே அவருக்கும் வயது முப்பத்தாறு. தந்தையின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். பாபேஜின் பொறி முழுமையாகக் கட்டப்படவே இல்லை. ஆயினும் 1950இல், இயந்திரம் சிந்திக்குமா என்று ஆராய்ந்த ஆலன் டூரிங், ஏடாவின் கருத்துக்குப் பெயர் சுட்டி மறுமொழி எழுதினார். 1979இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிரல் மொழி ஒன்றுக்கு ஏடா என்றே பெயரிட்டார்கள். அதன் தர எண் 1815, அவர் பிறந்த ஆண்டு.

இதைக் கேட்ட என் மாணவி அன்று ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். மறுவாரம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். எண்களை ஏறுவரிசையில் அடுக்கும் நிரலைப் படிப்படியாகக் கையால் எழுதி, ஒவ்வொரு படியிலும் எந்த எண் எங்கே நிற்கிறது என்று கட்டம் போட்டிருந்தாள். “ஆறாம் படி வரை சரி ஐயா, ஏழில் நின்றுவிட்டேன்” என்றாள். ஏழாம் படியைப் பிறகு பார்த்தோம். அதற்கு முன் அவளிடம் ஒரு வாக்கியம் சொன்னேன்: “அம்மா, உனக்கு இந்தக் கலை வரும்.”