தீவைக் காத்த ஒரு சொல்

முன்னோர் பட்ட துன்பத்தைப் பின்னோர்க்கு அறிவிக்க மக்கள் கண்ட வழிகள் பல. கல்லிற் பொறித்தோர் சிலர். ஏட்டில் எழுதியோர் சிலர். பாட்டாக்கிப் பிள்ளைகளின் செவியில் இட்டோர் சிலர். இவற்றுள் எது நெடுநாள் நிற்கும் என்று வினவினால், கல் என்றே பலரும் விடை கூறுவர். ஆயின், 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் இந்தியப் பெருங்கடலின் கரைகளில் நிகழ்ந்தவற்றை ஆராய்வோர்க்கு வேறொரு விடை கிடைக்கிறது. அன்று நாட்டுப்புறத்து மக்களின் வாய்ச்சொல் ஒன்று ஒரு தீவினரை ஏறத்தாழ முழுமையாகக் காத்தது. அச்சொல் ‘சுமோங்’ என்பது. அத்தீவு, சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சிமெலுவே. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தைச் சேர்ந்தது அது.

நிலம் நடுங்குவது ஏன்?

நிலவுலகின் மேலோடு ஒரே பாறையன்று. அது பல பெருந்தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவே நகர்கின்றன. சுமாத்திராவின் மேற்கே கடலடியில் நீண்ட பள்ளம் ஒன்று உண்டு. அங்கே இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு, கிழக்கே உள்ள தட்டின் அடியிற் செருகிச் செல்கிறது. அது வழுக்கிக்கொண்டே சென்றால் தீங்கில்லை. இரு தட்டுகளும் பல இடங்களில் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. கீழ்த்தட்டு இறங்குந்தோறும் மேல்தட்டின் விளிம்பும் உடன் இழுக்கப்பட்டு, நாணேற்றிய வில்லைப் போல் வளைகிறது. நூறாண்டோ, பல நூறாண்டோ சென்று அப்பற்று அறுகிறது. வளைந்த விளிம்பு துள்ளி எழுகிறது. நிலம் நடுங்குகிறது, மேலே நிற்கும் கடல்நீரும் அடிமுதல் உந்தப்படுகிறது.

ஆழ்கடலில் இவ்வலையின் உயரம் மிகச் சிறிது. படகில் இருப்போர் அதனை உணர்வதும் இல்லை. ஆனால் அதன் வேகமோ வானூர்தியின் வேகத்தை ஒத்தது. கரையை நெருங்க நெருங்க வேகம் குறையும், உயரம் மிகும். அலையின் தாழ்ந்த பகுதி முதலில் வந்து சேரும் கரைகளில் கடல் உள்வாங்கும். என்றும் காணாத தரையும் பாறையும் மீனும் வெளிப்படும். அக்காட்சியே எச்சரிக்கை. அதனைக் காணச் செல்வோர்க்கு அதுவே கூற்றுவனாகவும் முடியும்.

1907ஆம் ஆண்டின் பாடம்

1907ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் சிமெலுவேயில் நிலம் நடுங்கியது. பின்னர்க் கடல் பொங்கி வந்து ஊர்களை வாரிச் சென்றது. நீர் வற்றிய தரையில் துள்ளிய மீன்களை அள்ள ஓடியவர்கள் மீளவில்லை என்பது அத்தீவில் வழங்கும் செய்தி. மலையேறிப் பிழைத்தவர்கள் தம் மொழியில் அவ்வலையைச் ‘சுமோங்’ என்றனர்.

பிழைத்தோர் அச்செய்தியைத் தம்மோடு மறைய விடவில்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில் அச்செய்தியை வைத்தனர். ‘நந்தோங்’ எனப்படும் பாட்டில் வைத்தனர். பாடத்தின் சாரம் மிக எளியது. நிலம் பெரிதும் நடுங்கி, அதன்பின் கடல் வற்றுமாயின், பொருளைத் தேடாதே, மேட்டுக்கு ஓடு என்பதே அது. சிறு நடுக்கம் நேர்ந்த நாள்களிலும் முதியோர் அக்கதையை எடுத்துச் சொல்வது வழக்கம். இவ்வாறு 97 ஆண்டுகள் கழிந்தன. 1907ஐக் கண்ணாற் கண்டவர்கள் மறைந்தனர், சொல் மறையவில்லை.

2004ஆம் ஆண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சுமாத்திராவின் நேரப்படி 8 மணிக்குச் சற்று முன்னர், 9.1 அளவுள்ள நடுக்கம் நேர்ந்தது. அதன் மையம் சிமெலுவேயின் வடமுனைக்கு அணித்தே இருந்தது. தீவின் வடக்கே உள்ள லாங்கி என்னும் ஊருக்கு அலை வந்து சேர எட்டு நிமிடங்களே ஆயின. அலையின் உயரமோ 10 மீட்டருக்குக் குறையாது. எந்தக் கருவியும் எந்த அரசும் அத்துணை விரைவில் செய்தி அனுப்பியிருக்க இயலாது. ‘சுமோங்!’ என்ற கூக்குரல் எழுந்தது. மக்கள் மேட்டை நோக்கி ஓடினர். வீடுகள் அழிந்தன, அவ்வூரார் பிழைத்தனர். தீவு முழுவதும் வாழ்ந்த ஏறத்தாழ 78,000 மக்களுள் மாண்டவர் எழுவர் மட்டுமே.

அதே வேளையில் ஆச்சேயின் பெருநிலத்துக் கரையில் மாண்டும் காணாமற்போயும் அழிந்தோர் தொகை ஒன்றரை இலட்சத்தைக் கடந்தது. இரு கரைகளையும் ஒப்பிடும்போது நடுநிலை வேண்டும். சிமெலுவேயில் குன்றுகள் கடலை அடுத்தே உள்ளன. பண்டா ஆச்சே நகரமோ சமவெளியில் அமைந்தது. ஓடுவதற்கு மேடு அருகில் இருந்தமையும் தீவினர்க்குத் துணையாயிற்று. எனினும், மேடு இருந்தால் மட்டும் போதாது. எப்பொழுது ஓடவேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தாய்லாந்தின் சுரின் தீவுகளில் வாழும் மோக்கென் என்னும் கடலோடி மக்களும், மனிதரை விழுங்கும் அலையைப் பற்றிய தம் பழங்கதையை நினைந்தே அன்று மேட்டுக்கு ஏறித் தப்பினர்.

கல்லும் ஏடும்

கல் பயனற்றது என்று இதனாற் கொள்ளலாகாது. ஜப்பானின் வடகிழக்குக் கரையில் அனேயோசி என்னும் சிற்றூர் உண்டு. 1896லும் 1933லும் பேரலைகள் அதனை அழித்தன. எஞ்சியோர், இவ்விடத்திற்குக் கீழே வீடு கட்டவேண்டா என்று ஒரு கல்லிற் பொறித்து வைத்தனர். அவ்வூரார் அதன்படியே மேட்டில் குடியிருந்தனர். 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் எழுந்த பேரலை அக்கல்லுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. அதே கரையில் வேறு கற்களும் இருந்தன. ஆனால் அவற்றின் சொல்லை மறந்து, கீழே ஊர்கள் பெருகிய இடங்களும் உண்டு. கல் காப்பதில்லை, கல்லின் சொல்லைக் கடைப்பிடிக்கும் ஊரே தன்னைக் காத்துக்கொள்கிறது.

தமிழர்க்கோ ஏடு இருந்தது. கடல் பொங்கி நிலத்தைக் கொள்வதைக் குறிக்கக் ‘கடல்கோள்’ என்னும் சொல் தமிழில் வழங்குகிறது. தென்மதுரையும் கபாடபுரமும் கடலாற் கொள்ளப்பட்டன என்று இறையனார் களவியல் உரை கூறும். இந்திர விழாவை மறந்தமையால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறும். இவை நிலநடுக்கத்தால் எழுந்த அலைகளா, புயலால் எழுந்தவையா, கடல்மட்டம் மெல்ல உயர்ந்ததன் நினைவா என்பதை இவ்வேடுகளைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. ஏடுகள் ஊர் அழிந்ததைச் சொல்லின. அழிவுக்குத் தெய்வக் காரணமும் சொல்லின. கடல் எவ்வாறு வந்தது, அப்பொழுது மனிதன் என் செய்யவேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

அண்மைக்கால வரலாற்றிலும் கரைவாழ்வோர்க்கு அப்பாடம் கிட்டவில்லை. 1881ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபார் அருகே நேர்ந்த நடுக்கத்தின் அலையை நாகப்பட்டினத்து அலைமானி பதிந்து வைத்தது. அதன் உயரம் ஒரு மீட்டரைச் சற்றே கடந்தது. அறிவியலார்க்கு அஃது அரிய சான்று. பாட்டாகும் அளவுக்கு அது மக்கள் வாழ்வை உலுக்கவில்லை.

ஆகவே 2004இல், சுமாத்திராவில் நிலம் நடுங்கி இரண்டு மணி நேரம் கழித்து அலை தமிழகக் கரையை அடைந்தபோதும், எவர்க்கும் அது தெரிந்திருக்கவில்லை. நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீனவக் குப்பங்களும், கிறிஸ்துமஸ் நாளையொட்டி வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகரும் அவ்வலைக்கு இரையாயினர். ஈழத்தின் கிழக்குக் கரையிலும் பேரழிவு நேர்ந்தது. மலேசியாவில் பினாங்கு, கெடா முதலிய இடங்களில் 68 பேர் உயிரிழந்தனர். அங்கு அலை வந்து சேர மூன்று மணி நேரத்திற்கும் மேலாயிற்று. எட்டு நிமிடம் பெற்றவர்கள் பிழைக்க, மணிக்கணக்காகப் பெற்றவர்கள் மடிந்தமை எண்ணுதற்குரியது.

கருவியும் கல்வியும்

இங்கே ஒரு வேறுபாட்டையும் காணவேண்டும். சுமோங் என்னும் சொல் நடுக்கத்தை முதற்குறியாகக் கொண்டது. தொலைவிலுள்ள தமிழகக் கரையில் நிலம் வலுவாக ஆடவில்லை. அன்றியும், அந்த அலையின் உயர்ந்த பகுதியே மேற்குத் திசையில் முன்னே சென்றமையால், தமிழகத்திலும் இலங்கையிலும் பெரும்பாலும் கடல் முதலில் ஏறியது; பிறகே உள்வாங்கியது. எனவே தொலைக்கரைகளுக்குக் கருவி இன்றியமையாதது. பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு 2004இல் அத்தகைய அமைப்பு இல்லை. அழிவிற்குப் பின்னரே நாடுகள் ஒன்றுகூடி அதனை அமைத்தன. இந்தியாவின் எச்சரிக்கை நிலையம் 2007இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டது. மலேசியாவும் தன் கரைகளுக்கு எச்சரிக்கை முறையை வகுத்தது.

கருவிக்கும் எல்லை உண்டு. 2010 அக்டோபரில் சுமாத்திராவுக்கு அப்பாலுள்ள மெந்தாவாய்த் தீவுகளில் நிலம் மெல்லவே ஆடியது. அலையோ பெரிதாய் வந்து 400க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2018 டிசம்பரில் அனாக் கிரக்கத்தாவ் எரிமலை சரிந்து கடலில் விழுந்தபோது நடுக்கமே முன்குறியாக இல்லை. மீண்டும் 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு குறியை மட்டும் நம்பும் ஊர் மற்றொரு நாளில் ஏமாறும். ஆகவே நடுக்கம், கடலின் திடீர் ஏற்ற இறக்கம், கடலின் பேரிரைச்சல் ஆகிய எல்லாவற்றையும் கரைவாழ்வோர் அறிந்திருத்தல் வேண்டும்; சங்கொலி கேட்டால் எவ்வழியே ஓடுவது என்பதையும் நடந்து பழகியிருத்தல் வேண்டும்.

இவ்வறிவு ஒரு வகுப்பறையிலிருந்தும் வரக்கூடும். 2004இல் தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில் பெற்றோருடன் இருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, கடல்நீர் நுரைத்துக் கொப்பளித்ததைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் தன் பள்ளி ஆசிரியர் புவியியல் பாடத்தில் கற்பித்தது நினைவுக்கு வந்தது. அவள் கூவினாள், பெரியவர்கள் செவிசாய்த்தனர், அக்கடற்கரையில் இருந்தோர் விலகித் தப்பினர். சிமெலுவேயில் பாட்டியின் கதை செய்த பணியை அங்கே ஆசிரியரின் பாடம் செய்தது.

தமிழ்ப் பிள்ளைகள் கடல்கோள் என்னும் சொல்லை இலக்கிய வகுப்பில் கற்கிறார்கள். தென்மதுரை போயிற்று, கபாடபுரம் போயிற்று, பூம்புகார் போயிற்று என்று கற்பதோடு அப்பாடம் முடிந்துவிடுகிறது. கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்னும் ஒரு வரியை ஆசிரியர் அதனோடு சேர்த்துச் சொல்ல எத்துணை நேரம் ஆகும்? அவ்வரி சேர்ந்தால், கடல்கோள் என்பது இழந்த நிலத்தின் பெயராய் மட்டும் நில்லாது. இருக்கும் உயிரைக் காக்கும் சொல்லும் ஆகும்.