குழந்தைகளின் குளிர்கால உடை: எமரால்டு, நீலகிரி

எமரால்டு நீலகிரி மாவட்டத்தின் குந்தா மலைப்பகுதியில் உள்ள ஊர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகையிலிருந்து சாலை வழியே 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டு உதவியுடன் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்ட குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகளில் ஒன்று இவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தேயிலைத் தோட்டங்களும் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் விளையும் படிவயல்களும் சூழ்ந்த பகுதி இது. சுற்றிலும் ஹட்டி எனப்படும் படகர் ஊர்கள் உள்ளன; 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களும் நீலகிரியின் தோட்டங்களில் வாழ்கின்றனர். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையை இந்தக் குளிரில் வெளியே விளையாட விடும்போது என்ன உடுத்துவது, எப்போது கழற்றுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். இரண்டில் கழற்றுவதுதான் கடினம் என்பது மலையில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டு குளிர்கள்

எமரால்டில் குளிர் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. இரண்டுக்கும் ஒரே உடை பொருந்தாது.

முதலாவது பனிக்காலக் குளிர். அக்டோபர் கடைசியில் நீர்ப்பனி தொடங்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அதனால்தான் உதகையின் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெள்ளையாக விடிகிறது. குந்தா பக்கம் அவலாஞ்சியிலும் அப்படியே. பள்ளத்தில் தேயிலைக் கொழுந்து கருகிய காலையில் மேட்டுத் தோட்டம் பச்சையாகவே இருப்பதுண்டு. விடியற்காலையில் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும் வெப்பநிலை நண்பகலில் 20 பாகை செல்சியஸ் வரை ஏறிவிடும். மாலை நான்கு மணிக்கு மலையின் நிழல் விழுந்ததும் மறுபடி சரியும். காற்று வறண்டிருக்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும்.

இரண்டாவது குளிர் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையோடு வருவது. அருகிலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அதுபோன்ற நாள் அரிது. ஆனால் சாரலும் மூடுபனியும் காற்றும் வாரக்கணக்கில் விடாமல் இருப்பது வழக்கம். வெப்பமானி 12 அல்லது 14 பாகை காட்டும். பார்ப்பவருக்கு அது பெரிய குளிராகத் தோன்றாது. ஆனால் நனைந்த குழந்தைக்கு இந்தக் குளிர்தான் ஜனவரி விடியலைவிடக் கொடியது. தண்ணீர் காற்றைப் போல ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்துகிறது. ஜனவரியில் சட்டை உலர்ந்திருக்கிறது; ஜூலையில் அது முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உறைபனியைப் படமெடுக்கக் கூட்டம் வருவதால் பனிக்குத்தான் பெயர் அதிகம். பிள்ளைக்கு நெஞ்சுச் சளி பிடிக்க மழைக்காலம் போதும்.

குழந்தை உடல் குளிரைத் தாங்கும் விதம்

எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு பெரியவரைவிட அதிகம். அதனால் வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. பச்சிளம் குழந்தைக்குக் குளிரில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறன் ஏறக்குறைய இல்லை. கழுத்தைச் சுற்றியும் தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடாகிறது. அந்தச் சேமிப்பு சீக்கிரம் தீரும். உடல் வெப்பத்தில் பாதி தலை வழியே போய்விடும் என்று பலர் சொல்வார்கள். பெரியவர்களைப் பொறுத்தவரை அது பொய். அவர்கள் உடற்பரப்பில் தலையின் பங்கு பத்தில் ஒன்றுக்கு மேல் இல்லை. கைக்குழந்தைக்கோ அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. குல்லா போடச் சொல்லும் பாட்டிகளின் பிடிவாதம் அந்த வயதுக்கு நியாயமானது.

ஓடியாடும் இரண்டு வயதுக் குழந்தையின் நிலை வேறு. அதற்கு உள்ளே அடுப்பு எரிகிறது. பத்து நிமிட ஓட்டத்தில் வேர்த்துவிடும். நின்றதும் அந்த வேர்வையே குளிர்விக்கும். தாய்மார்கள் பெரும்பாலும் உள்ளங்கையையும் பாதத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு ஸ்வெட்டரை மாட்டுகிறார்கள். கையும் காலும் சில்லென்றிருப்பது குழந்தைகளுக்கு இயல்பு. பிடரியிலோ முதுகிலோ சட்டைக்குள் கைவிட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. சூடாகவும் உலர்ந்தும் இருந்தால் போதும். ஈரமாக இருந்தால் ஒரு உடுப்பைக் குறைக்க வேண்டும், உள்சட்டையை மாற்ற வேண்டும்.

உடுக்கும் முறை

அசையாமல் அடைபட்ட காற்றுதான் உண்மையில் குளிரைத் தடுக்கிறது. துணி அதைப் பிடித்து வைக்கும் கருவி. ஆகவே தடித்த ஒரே கோட்டைவிட மெல்லிய மூன்று உடுப்புகள் மேல். பெரியவர் அந்த நேரத்தில் எத்தனை உடுப்பு அணிந்திருக்கிறாரோ அதைவிட ஒன்று கூடுதலாகக் குழந்தைக்கு என்பது உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. எமரால்டில் இது காலை எட்டு மணிக்குப் பொருந்தும். நண்பகல் வெயிலில் ஓடும் பிள்ளைக்குப் பெரியவரைவிட ஒன்று குறைவாக இருந்தாலும் தவறில்லை.

உள்ளே உடலோடு ஒட்டிய மென்மையான பனியன். திருப்பூர்ப் பருத்திப் பனியன் தோலுக்கு இதமானது, மலிவானது. ஆனால் வேர்வையையும் மழையையும் உறிஞ்சிக்கொண்டு எளிதில் காயாது. அதனால் பருத்தி அணிந்த குழந்தைக்கு மாற்றுப் பனியன் ஒன்று பையில் இருந்தே ஆக வேண்டும். நடுவில் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தெரியாமல் சூடு காக்கும். நேராகத் தோலில் பட்டால் அரிக்கும் என்பதால் அதன் அடியில் பனியன். வெளியே காற்றையும் நீரையும் தடுக்கும் ஜெர்கின். மழைக்காலத்தில் இதன் இடத்தில் ரெயின்கோட். முழுக்க பிளாஸ்டிக்கால் ஆன ரெயின்கோட் வெளியிலிருந்து வரும் நீரைத் தடுத்து உள்ளே வேர்வையைத் தேக்கும். கழுத்தும் கையும் சற்று தளர்வாக உள்ளது நல்லது.

காலுக்கு ஒரே ஜோடி தடித்த சாக்ஸ், விரல்கள் அசைய இடமுள்ள ஷூ. இரண்டு சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சில்லிடும். காலை ஒன்பது, பத்து மணி வரை புல்லில் உறைபனியோ அது உருகிய நீரோ இருப்பதால் துணிஷூ நனைந்துவிடும். அந்த நேரத்தில் புல்லில் இறக்காமல் இருப்பதே சிக்கனமான வழி. முதுகிலோ இடுப்பிலோ துணியால் கட்டிச் சுமக்கும் கைக்குழந்தைக்குத் தாயின் உடலே ஒரு போர்வை. வெளியே தொங்கும் கால்களை மட்டும் தனியாக மூட வேண்டும்.

மப்ளரை இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குக் கட்டி விளையாட விடக்கூடாது. ஊஞ்சலிலும் சறுக்குமரத்திலும் தேயிலைக் கவாத்துக் குச்சியிலும் அது சிக்கும். குல்லாவின் கழுத்தில் இழுத்துக் கட்டும் கயிறும் அப்படியே. அமெரிக்கா 1996-இல் குழந்தை உடைகளில் கழுத்துக் கயிற்றைத் தவிர்க்கும் வழிகாட்டுதலை வெளியிட்டது குழந்தைகள் இறந்த பிறகுதான். முகம் தவிர மற்றதை மூடும் மங்கி குல்லா பார்க்க அழகில்லாவிட்டாலும் மப்ளரைவிடப் பாதுகாப்பானது. மூடுபனி இறங்கும் சாலையோரங்களில் மஞ்சள், ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறம் வண்டிக்காரர் கண்ணில் படும்.

டொராண்டோவில் வாழும் தமிழ்க் குழந்தைகள் அணியும், கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே உடுப்பான பனிச்சூட் இங்கே தேவையில்லை. அது உலர்ந்த வெண்பனியில் புரள்வதற்கானது. எமரால்டின் நண்பகலில் அதைப் போட்டால் பிள்ளை அரைமணியில் வியர்வையில் குளித்துவிடும்.

மரபும் சந்தையும்

தோடர்களின் பூத்துக்குளி என்ற தடித்த வெள்ளைப் பருத்திப் போர்வை, சிவப்பும் கறுப்புமான பூவேலையோடு உடலைச் சுற்றிப் போர்த்தப்படுவது. தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூத்துக்குளி பருத்தியானாலும் தடிமனால் காற்றைப் பிடித்து வைக்கும். மலையகத் தமிழர் தோட்டங்களில் மழைக்குக் கம்பளியையோ சாக்கையோ மடித்துத் தலையிலிருந்து முதுகுவரை தொங்கவிடும் கொங்காணி, ரெயின்கோட் வருவதற்கு முந்தைய விடை. தோட்டத் தொழிலாளர் சட்டம் (1951) குடை, கம்பளி, மழைச்சட்டை போன்றவற்றைத் தொழிலாளருக்கு வழங்க மாநில அரசு விதி செய்யலாம் என்று கூறியது. 50-க்கு மேல் பெண் தொழிலாளர் உள்ள தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் வைக்கவும் வகை செய்தது. தாய் கொழுந்து பறிக்கும் நேரத்தில் குழந்தையின் உடுப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அங்கே காப்பக ஆயாவின் வேலை.

நீலகிரிக்குச் சொந்த ஆட்டினமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து உருவான நீலகிரி ஆடு, தென்னிந்தியாவில் மென்கம்பளி தருவது. உதகை அருகே சாண்டிநல்லாவில் அதற்கென ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இருந்தும் உதகை தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் சந்தையில் விற்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பகுதி லூதியானாவில் பின்னப்பட்டது; பலவற்றில் அக்ரிலிக்தான் அதிகம். அக்ரிலிக் சூடாகவே இருக்கும், துவைக்க எளிது; தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அடுப்பருகே அதோடு குழந்தையை உட்கார வைக்கக்கூடாது.

சத்துணவுத் திட்டத்தில் உள்ள மலைப்பகுதி மாணவர்களுக்கு, 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை, கம்பளி ஸ்வெட்டர், ரெயின்கோட், பூட்ஸ், சாக்ஸ் ஆகியவற்றைத் தமிழக அரசு இலவசமாக வழங்குகிறது. இந்த உடைப் பட்டியலில் ரெயின்கோட் தனியாக இடம்பெற்றது இந்த மலையைப் புரிந்துகொண்ட முடிவு.

தவிர்க்க வேண்டியவை

நீலகிரித் தைலத்தைக் குழந்தையின் மூக்கருகே தடவும் பழக்கம் ஊரிலும் உண்டு, சுற்றுலா வந்தவர்களிடமும் உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது மூச்சைத் திணறடிக்கும். சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும். புட்டியைக் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். கன்னமும் உதடும் வெடிப்பதற்குத் தேங்காய் எண்ணெய் போதும். 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடுவதால் எமரால்டில் ஆண்டின் பெரும்பகுதி உள்ளங்கையில் வைத்து உருக்கித்தான் தடவ வேண்டும். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் கூடுவதால், ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு, குளிர் வெயிலிலும் தோல் கறுக்கும். விளிம்புள்ள தொப்பி நல்லது.

விளையாடிவிட்டு வந்த குழந்தையைக் குல்லாவோடும் இரட்டை ஸ்வெட்டரோடும் தூங்க வைப்பது அடுத்த தவறு. கைக்குழந்தைக்கு அதிகச் சூடு ஆபத்து. திடீர் மரணத்தின் காரணிகளில் அதுவும் ஒன்று. அதைவிடப் பெரிய ஆபத்து, அறையைச் சூடாக்கக் கதவை அடைத்துக் கரிக்கங்கு வைப்பது. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும். மலை விடுதிகளில் இவ்வாறு குடும்பங்கள் இறந்த செய்திகள் பலமுறை வந்துள்ளன.

கோயம்புத்தூரிலிருந்து மேலே வருபவர்கள் 1600 மீட்டர் ஏறுகிறார்கள். அதாவது ஏறத்தாழ பத்துப் பாகை குளிரை நோக்கி. பயணத்தின்போது தடித்த ஜெர்கினோடு குழந்தையைக் காரின் குழந்தை இருக்கையில் வார் கட்டினால் வார் தளர்ந்திருக்கும். ஜெர்கினைக் கழற்றிவிட்டு வாரை இறுக்கி, அதன் மேல் போர்வையைப் போட வேண்டும். விளையாட்டு நேரம் காலை பத்திலிருந்து மூன்று வரை. அதற்கு முன்னும் பின்னும் தேயிலைக்குள் காட்டெருமை நடமாட்டம் இருக்கும். உடை சரியாக இருந்தாலும் அது குழந்தையை இறக்கிவிட ஏற்ற நேரம் அன்று.

நனைந்த குழந்தையை முதலில் உலர்ந்த துணிக்கு மாற்றி, பெரியவர் மார்போடு அணைத்துப் போர்வையால் மூட வேண்டும். விழிப்போடு இருந்தால் வெதுவெதுப்பான பால் கொடுக்கலாம். தேய்ப்பதும் சுடுநீர்ப் பையை நேராக வைப்பதும் கூடாது. நடுக்கம் நின்று, உடல் துவண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் தூங்கி வழிந்தால் அது சளி அல்ல, உடல் வெப்பக்குறைவு. உடனே 108-ஐ அழையுங்கள்.