ஊர்தி இல்லமான வரலாறு

‘ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்’ என்பது நம் முன்னோர் மொழி. காலம் மாறினால் நிலைமையும் மாறும் என்பதே அதன் கருத்து. ஆயின், ஓடமும் வண்டியும் வேறொரு மாற்றத்தையும் கண்டுள்ளன. ஓடித் தேய்ந்தபின் மக்கள் தங்கும் இல்லங்களாக அவை மறுபிறவி எடுத்திருக்கின்றன. பழைய இல்ல ஊர்தியை விலைக்கு வாங்கிப் புதுப்பித்துக் குடும்பத்தோடு பயணம் செய்வோர் மேலைநாடுகளில் பலர். அம்முயற்சியின் வரலாறு சிங்கப்பூரில் வாழும் நமக்கும் ஒரு பாடம் புகட்டுகிறது.

சக்கரத்தின்மேல் வீடு அமைத்து வாழும் வழக்கம் ஐரோப்பாவின் நாடோடி மக்களிடம் முன்னரே இருந்தது. அதை இன்பப் பயணத்துக்கு உரியதாக்கியவருள் முதன்மையானவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். கடற்படையில் மருத்துவராக இருந்து எழுத்தாளரானவர் அவர். 1885இல் பிரிஸ்டல் நகரத் தொழிற்சாலை ஒன்று அவருக்காக ‘வாண்டரர்’ என்னும் வண்டியைக் கட்டித் தந்தது. இரு குதிரைகள் இழுத்த அவ்வண்டியில் அவர் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் வடபகுதி வரை சென்றார். மோட்டார் யுகம் வந்தபின், 1951இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் வோக்ஸ்வேகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்த வழிகண்டது. அதன்பின் நடுத்தரக் குடும்பங்களுக்கும் இல்ல ஊர்தி எட்டும் பொருளாயிற்று.

நம் அண்டை நிலமாகிய கேரளத்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைப் பிணைத்துக் கட்டிய கெட்டுவள்ளங்கள் ஒருகாலத்தில் காயல்களில் நெல் சுமந்தன. சாலைகளும் லாரிகளும் பெருகியபின் அவை வேலையிழந்தன. 1990களில் அவற்றுக்குக் கூரையும் அறைகளும் அமைத்துப் படகு இல்லங்களாக்கினர். சுமை தூக்கிய ஓடம் விருந்தினரைச் சுமக்கலாயிற்று.

சிங்கப்பூரின் நிலை வேறு. கிழக்குமேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டரே நீளும் இத்தீவில் இல்ல ஊர்திப் பயணம் வேரூன்ற இடமில்லை. சாலை நெரிசலைக் கட்டுப்படுத்த 1990இல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. கார் உரிமை பத்தாண்டுக்கே வழங்கப்படும். மேலும் வைத்திருக்க விரும்புவோர் பணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே இங்கு வண்டியின் ஆயுளைத் துரு முடிப்பதில்லை, நாட்காட்டி முடிக்கிறது. நல்ல நிலையிலுள்ள வண்டியும் உரிய நாள் வந்தால் சாலையை விட்டு நீங்குகிறது.

அவ்வாறு நீங்கிய பேருந்துகள் சிலவற்றுக்கு மட்டும் மறுவாழ்வு கிட்டியது. எஸ்பிஎஸ் டிரான்சிட் நிறுவனத்தின் சேவையிலிருந்து ஓய்வுபெற்ற 20 பேருந்துகளைத் தங்கும் அறைகளாக்கி, 2023 டிசம்பரில் சாங்கி வில்லேஜில் ‘தி பஸ் கலெக்டிவ்’ என்னும் விடுதியைத் திறந்தனர். சில அறைகளில் ஓட்டுநர் இருக்கையும் திசைதிருப்பும் சக்கரமும் அப்படியே விடப்பட்டன. நாள்தோறும் மக்களைச் சுமந்த பேருந்து, நின்ற இடத்திலேயே நிலைத்த இல்லமாயிற்று.

பழையதைப் புதுப்பிப்பதற்கு முறை என்ன? அதற்கு விடை நம் சிராங்கூன் சாலையிலேயே கிடைக்கிறது. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பழைய கடைவீடுகளைச் செப்பனிட நகர மறுசீரமைப்பு ஆணையம் மூன்று நெறிகளை வகுத்துள்ளது. உள்ளதை இயன்றவரை காத்தல், இயல்பறிந்து மீட்டமைத்தல், கவனத்தோடு பழுதுபார்த்தல் என்பன அவை. 1900இல் எழுந்து 1980களில் செப்பனிடப்பெற்ற டான் டெங் நியா மாளிகை கெர்பாவ் சாலையில் வண்ணங்களோடு நிற்கிறது.

பழைய இல்ல ஊர்தியை வாங்குவோர்க்கும் இம்மூன்று நெறிகளே வழிகாட்டி. மேற்பூச்சைக் கண்டு மயங்கலாகாது. கூரையின் இணைப்புகள் வழியே நீர் கசிந்து மரச்சட்டம் உளுத்துள்ளதா, அடிச்சட்டத்தைத் துரு தின்றுள்ளதா, மின்கம்பிகளும் எரிவாயுக் குழாயும் பாதுகாப்பாக உள்ளனவா என்று முதலில் ஆராய வேண்டும். கசிவை அடைக்காமல் திரைச்சீலை மாற்றுவது, நோயை விடுத்து நோயாளிக்குப் பட்டாடை உடுத்துவது போன்றதாகும்.

இவ்வொப்புமையில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கவலையொன்றும் உண்டு. மலாய் மொழியில் ‘கெர்பாவ்’ என்பது எருமையைக் குறிக்கும். அருகிலுள்ள பஃபலோ சாலையின் ஆங்கிலப் பெயருக்கும் அதுவே பொருள். மாட்டுக் கொட்டில்களும் கால்நடை வாணிகமும் செழித்த வட்டாரம் அது. அப்பெயர்கள் நிலைத்தன, கொட்டில்கள் மறைந்தன. அங்கே மாடு வளர்த்துப் பால் கறந்தும், கட்டைவண்டி ஓட்டியும் பிழைத்த தமிழரின் நினைவு நம் மாணாக்கரிடம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது? சுவரைக் காத்துச் சுவருக்குள் நிகழ்ந்த வாழ்வை மறந்தால், அது புதுப்பித்தல் ஆகாது, அலங்காரமே ஆகும்.

சாங்கிப் பேருந்தில் விடப்பட்ட திசைதிருப்பும் சக்கரம் இனி எத்திசைக்கும் திருப்பப்படாது. எனினும் அதைப் பிடித்துப் பார்க்கும் சிறுவன், ‘இப்பேருந்து எங்கெல்லாம் ஓடியது? இதை ஓட்டியவர் யார்?’ என்று வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடையளிக்க வல்லவர் ஒருவர் அருகில் இருந்தால் அப்பேருந்து பிழைத்தது எனலாம். வீடு, வீதி, வண்டி எதுவாயினும், பழுது பார்ப்பவர் கொல்லர் தச்சரோடு முடிவதில்லை. ஆசிரியரும் அவர்களுள் ஒருவரே. மாணாக்கரைக் கெர்பாவ் சாலைக்கு ஒருநாள் அழைத்துச் சென்று அப்பெயரின் கதையைக் கூறுவோம். நம் பங்குப் பணி அங்கே தொடங்கட்டும்.