கோலும் கரமும்: போர்க்கலை நலக்கலையான வரலாறு

திண்டிவனத்திலிருந்து மேற்கே செல்லும் சாலை நம்மைச் செஞ்சிக்கு இட்டுச் செல்கிறது. மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்து எழுப்பிய அக்கோட்டையை நாயக்கர், பீசப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பலரும் மாறி மாறி ஆண்டனர். 1597இல் இயேசு சபையின் நிக்கோலாஸ் பிமெந்தா அடிகளார் இங்கு வந்து, கிருட்டிணப்ப நாயக்கரின் தலைநகரைக் கண்டு வியந்து எழுதினார். 2025இல் யுனெஸ்கோ இக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது.

காண வருவோர் கலியாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்துச் செல்கின்றனர். அருகே உடற்பயிற்சிக் கூடம் என்று வழங்கும் கட்டடம் ஒன்றுண்டு. அதன்முன் சற்று நின்று சிந்திப்பது நல்லது. கோட்டையைக் காப்பது கல் மட்டுமன்று. பயின்ற உடலும் அடங்கிய மனமும் வேண்டும். 1714இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிறுபடையோடு எதிர்த்து மாண்ட தேசிங்கு ராசனை மக்கள் இன்றும் கதைப்பாடலில் நினைவுகூர்வது அத்தகைய பயிற்சிக்கும் துணிவுக்கும் அளிக்கும் மதிப்பேயாகும்.

1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப்படை தோற்றது. மறு ஆண்டே செஞ்சி ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. வாளும் வேலும் மறைந்தன. ஆனால் மூங்கில் கோல் உழவன் கையிலும் ஆடு மேய்ப்பவன் கையிலும் அன்றாடம் புழங்கிய பொருள். அதை யார் பறிக்க முடியும்? சிலம்பம் ஊர்த் திருவிழாக்களிலும் ஊர்வலங்களிலும் ஆட்டமாக நின்று உயிர் காத்துக்கொண்டது.

சிலம்பத்தில் முதலில் கற்பது அடிப்பதன்று, காலடி வைப்பது. ஆசானையும் அவையையும் வணங்கும் சலாம் வரிசைக்குப் பிறகே கோல் சுழலும். கால் பிழைத்தால் வீச்சு பிழைக்கும். தோளும் இடுப்பும் மணிக்கட்டும் ஒருசேர இயங்குவதால் போருக்கென அமைந்த பயிற்சி உடல்நலத்துக்கும் உதவுகிறது. இதனோடு உறவுடைய வர்மக்கலை இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. எவ்விடத்தில் தொட்டால் மனிதன் வீழ்வான் என்பதை அறிந்த ஆசானே, வீழ்ந்தவனை எழுப்பும் தடவுமுறையையும் மருந்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் மரபு. காயப்படுத்தும் அறிவும் குணப்படுத்தும் அறிவும் ஒரே கையில் குடியிருக்கின்றன.

இதே வரலாற்றைச் சீன நாட்டின் தாய்ச்சியிலும் காண்கிறோம். ஊடாங் மலையின் தாவோ துறவி ஒருவர் அதைப் படைத்தார் என்பது புராணம். வரலாற்று ஆய்வாளர்களோ 17ஆம் நூற்றாண்டில், கெனான் மாநிலத்துச் சென் குடும்பத்தின் சிற்றூரில் வாழ்ந்த போர்வீரர் சென் வாங்டிங்கிடம் அதன் தொடக்கத்தைக் காண்கின்றனர். 19ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் அதைத் தலைநகருக்குக் கொண்டு சென்றார். அவருடைய பேரர் காலத்தில் அது மெதுவான, முதியவரும் செய்யத்தக்க பயிற்சியாக மலர்ந்தது. 1956இல் சீன அரசு அதை 24 நிலைகளாகச் சுருக்கி மக்களுக்கு அளித்தது. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நடுக்குவாத நோயாளர் 195 பேரை ஆராய்ந்து, தாய்ச்சி அவர்களின் உடற்சமநிலையை உயர்த்தியதாகக் கண்டது. எதிரியின் தாக்குதலை விலக்கும் அசைவே இன்று தடுமாறும் முதியவரைத் தாங்குகிறது.

காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனருக்குப் போர்க்கலை கற்பித்தார் என்று நம்மவர் பெருமையாகச் சொல்வதுண்டு. 2011இல் வந்த திரைப்படம் ஒன்று அக்கருத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஆனால் 547ஆம் ஆண்டளவில் எழுதிய சீன நூலாசிரியர் அவரைப் பாரசீகர் என்கிறார். மற்றொரு பழங்குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. அவரைப் போர்ப் பயிற்சியோடு இணைக்கும் நூலோ 17ஆம் நூற்றாண்டினது. நம் கலைக்குப் பெருமை சேர்க்கப் பொய்ச்சான்று தேவையில்லை. உண்மையை நேசிப்பதும் இறைவழிபாட்டின் ஒரு பகுதியே.

கத்தோலிக்கர் இத்தகைய கீழைப் பயிற்சிகளை மேற்கொள்ளலாமா என்னும் வினா நம் இல்லங்களில் எழுகிறது. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூயதுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்பது 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் காட்டிய வழி. 1989இல் கர்தினால் ராட்சிங்கர் கையொப்பமிட்டு வெளிவந்த விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் மடல், இம்முறைகள் செபிப்பவருக்குத் துணையாகலாம் என்று ஏற்றது. அதே வேளையில், உடல் தரும் அமைதியைத் தூய ஆவியார் அருளும் ஆறுதலாக எண்ணி மயங்க வேண்டாம் என்றும் எச்சரித்தது. மூச்சு சீராவது நலம். மனம் திரும்புவது அருள். முன்னது பின்னதற்கு ஈடாகாது.

அந்த வேறுபாட்டை நம் மண்ணே நமக்குக் கற்பித்திருக்கிறது. 1978 சூலையில் விழுப்புரத்தில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். உடலை மட்டும் வலுவாக்கி உள்ளத்தைப் பயிற்றாத சமுதாயத்தில் வலிமை எங்கே போய் முடியும் என்பதற்கு அது ஆறாத சாட்சி. எனவே சிலம்பம் யாருக்குக் கற்பிக்கப்படுகிறது என்பதும், எதற்காக என்பதும் விசுவாசத்தைச் சார்ந்த வினாக்களாகும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், ஒரே களத்தில் நின்று ஒருவரையொருவர் வணங்கிக் கோல் எடுத்தால் அக்களமே ஒரு மறைக்கல்வியாகும்.

இன்று சிலம்பம் அரசின் ஏற்புப் பெற்ற விளையாட்டு. தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் 2024 சனவரியில் அது இடம்பெற்றது. பரிசும் பதக்கமும் வரட்டும். ஆனால் உடல் தூய ஆவியாரின் ஆலயம் என்று திருத்தூதர் பவுல் கற்பித்தது நம் உடலுக்கு மட்டுமன்று, எதிரே நிற்பவர் உடலுக்கும் பொருந்தும். அடிக்கத் தெரிந்தும் அடிக்காத கையே பயிற்சி முற்றிய கை. அக்கையைத்தான் ஆண்டவர் குணமளிக்கும் பணிக்கு எடுத்துக்கொள்கிறார்.