பாட்டில் ஒரு பள்ளம், காதில் ஓர் அடைப்பு

திடீர் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் ஒரு காதைத்தான் தாக்குகிறது. அந்தக் காதில் பேச்சு சரியாக விழாது. ஆனாலும் பலருக்கு அது சும்மா இராமல் இரைந்துகொண்டே இருக்கும். இந்த இழப்புக்கும் இரைச்சலுக்கும் இசையையே மருந்தாக்கிய இரு முறைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் உருவாகி 2010இல் வெளியானது. மற்றது ஜப்பானில் உருவாகி 2014இல் வெளியானது. இரண்டு ஆய்வுக் கட்டுரைகளிலும் முதல் பெயர் ஹிதேஹிகோ ஒகமோட்டோ.

மியூன்ஸ்டர் முறை பாட்டை வெட்டுகிறது. இரைச்சலின் சுருதி 4000 ஹெர்ட்ஸ் என்று கண்டால், அதை நடுவில் வைத்து ஒரு ஸ்தாயி அகலத்துக்கு, ஏறத்தாழ 2800 முதல் 5600 ஹெர்ட்ஸ் வரை, நோயாளிக்குப் பிடித்த பாடல்களிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அந்தப் பள்ளத்தோடுதான் அவர் மாதக்கணக்கில் பாட்டுக் கேட்கிறார். ஜப்பானிய முறை பாட்டை அப்படியே விட்டுவிடுகிறது. நல்ல காதை அடைத்து, கேளாத காதுக்குள் நாள்தோறும் பல மணி நேரம் மேலைச் செவ்வியல் இசையைச் செலுத்துகிறது. ஸ்டீராய்டு மருந்தும் கூடவே நடக்கும்.

ஒன்று பறிக்கிறது, மற்றது ஊட்டுகிறது என்று தோன்றும். சற்று உற்றுப் பார்த்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. பள்ளத்தின் இரு கரைகளிலும் ஒலி தாராளமாக விழுகிறது. அங்கே கிளர்ந்தெழும் நரம்பணுக்கள், நடுவில் ஓயாது கத்தும் அண்டை அணுக்களை அடக்கும் என்பதே மியூன்ஸ்டர் கணக்கு. ஆகப் பறிக்கும் முறை ஊட்டியே வேலை செய்கிறது. ஊட்டும் முறையோ நல்ல காதிடமிருந்து பறிக்கிறது. பக்கவாத நோயாளியின் நல்ல கையைக் கட்டிவைத்து நலிந்த கையை வேலைவாங்கிய எட்வர்ட் டாப்பின் பயிற்சிதான் இதற்கு மூலம். சோம்பேறிக் கண் உள்ள குழந்தைக்கு நல்ல கண்ணை மூடுவதும் இதே வழிதான். ஒலி வராமல் போனதால் மூளை தடம் மாறியது. அளந்து ஒலியை மறுத்தே அதைத் திருப்பப் பார்க்கிறார்கள். இரண்டு முறைகளுக்கும் இடையிலான இந்த உறவுதான் என்னை வியக்கவைக்கிறது.

வேறுபாடு காலத்திலும் இலக்கிலும் இருக்கிறது. நல்ல காதை அடைக்கும் முறை, பாதிப்பு புதிதாக இருக்கும்போதே கேட்புத்திறனை மீட்க முயல்கிறது. பள்ளமிட்ட இசை, நாள்பட்டு நிலைத்துவிட்ட இரைச்சலை நேராகக் குறிவைக்கிறது. அதுவும் ஒற்றைச் சுருதி இரைச்சலுக்கே பொருந்தும். காற்றுப்போல் ‘உஸ்’ஸென்று பரவும் ஒலியில் எங்கே வெட்டுவது?

இரண்டுக்கும் சான்று இன்னும் மெலிவுதான். பள்ளமிட்ட இசையை மூன்று மாதம் சோதித்து 2016இல் வெளியான பெரிய ஆய்வு, முதன்மையாக எதிர்பார்த்த பலனைக் காணவில்லை; இரைச்சலின் உரப்பு மட்டும் ஓரளவு தணிந்தது. எனவே இவற்றில் எதையும் மருந்துக்கு மாற்றாக நான் சொல்லமாட்டேன். ஒரு காது திடீரென்று அடைத்து இரைந்தால், குறும்பி என்று எண்ணெய் விட்டுக் காத்திராதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு நன்கு பலிப்பது முதல் இரண்டு வாரங்களில்தான்.